இருநூத்தி நாப்பது கிராம் ரீல்

அத வைங்க சார். அந்தக் கறுப்பு ரீல வைங்க. பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஒரு மாசம் ஓடும், மிஞ்சிப்போனா ரெண்டு மாசம். பொறவு ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். நீங்க கடைக்காரரத் திட்டுவீங்க, அவரு உங்களத் திட்டுவாரு. அவரு சாப்பிடப் போயிருக்காரு, வர அர மணிக்கூறாவது ஆவும். நானும் அவருக்காவத்தான் காத்துக் கிடக்கேன். இப்பிடி வந்து பெஞ்சில உக்காருங்க. அந்த ஸ்டூலு வேண்டாம், அதுக்கு ஒரு கால் சரியில்ல.

பேங்குக்கு மாத்தலாகி வந்திருக்கீங்க, அப்பிடித்தானே? அவருகிட்ட நீங்க சொல்லும்போது நான் வெளிய செருப்புக் கழத்திக்கிட்டு இருந்தேன், கேட்டுது. எனக்குக் காது நல்லா கேக்கும் சார். அத வச்சுத்தான் நான் சோறு தின்னேன். முப்பத்தோரு வருசம் பஸ் டிப்போவுல மெக்கானிக்கு. தாணுன்னு கேட்டா எல்லாரும் சொல்லுவாங்க. வண்டி கேட்டுக்குள்ள நுழையும்போதே சொல்லிருவேன், பின்னால இடது சக்கரத்துல பேரிங் போச்சுன்னு. கழத்திப் பாப்பாங்க. போயிருக்கும். புதுசா வந்த இஞ்சினியரு ஒருத்தரு, நாலு தடவ எனக்கிட்ட பந்தயம் கட்டித் தோத்தாரு. பொறவு கட்டுததையே விட்டுட்டாரு.

வாரத்துக்கு எத்தன நாளு தூண்டிலுக்குப் போவீங்க? நாலு நாளா? அப்ப நீங்க நம்ம ஆளு. எப்பமாவது போறவன் எந்த ரீல வேணும்னாலும் வாங்கலாம். வாரத்துக்கு நாலு நாளு போறவனுக்கு ரெண்டு விசயம் வேணும். கனம் இருக்கப்பிடாது, உழைக்கவும் செய்யணும். இந்த ரெண்டும் சேந்து அமையதுதான் பெரும்பாடு. கனம் இல்லாதது சீக்கிரம் ஒடஞ்சு போவும். உழைக்கிறது தோள முறிச்சுப் போடும். ரெண்டும் சேந்த ரீலு ஒண்ணு எனக்கிட்ட இருக்கு. இந்தப் பைக்குள்ளதான் இருக்கு, காட்டுதேன்.

அதுக்கு முந்தி ஒரு விசயம் சொல்லிருதேன். நான் சொல்லல்லேன்னா வேற எவனாவது சொல்லுவான். ஒரு ரீலுக்காவ கூட்டாளியக் கடலுக்குக் குடுத்தவன்னு என்னப் பத்தி இந்த ஊர்ல சொல்லுதாங்க. ஒரு வருசம் ஆகப் போவுது. ஒருத்தனும் எங்கூட சப்பப்பாறைக்கு வரமாட்டேங்கான். அங்க தனியாப் போவ முடியாது, ரெண்டு பேரு வேணும். ஒரு வருசமா நான் தூண்டில் எறியல்ல சார். நீங்க வெளியூரு. உங்களுக்கு நானும் வேண்டியவன் இல்ல, அவங்களும் வேண்டியவங்க இல்ல. முழுசாக் கேட்டுட்டு சொல்லுங்க, எனக்க மேல தப்பு இருக்கான்னு.

சப்பப்பாற இங்க இருந்து மேற்க. சிலுவ நிக்க குருசடி தாண்டி தாழங்காட்டு வழியா பத்து நிமிசம் நடக்கணும். கடலுக்குள்ள நீண்டு கிடக்கும். ரெண்டு தட்டு. கீழ்த்தட்டு கடல் வெள்ளத்துல இருந்து ஒரு ஆளு உசரம். மேல்தட்டு அதுக்கும் மேல, கீழ நிக்கவனுக்குத் தலைக்கு மேல ஒரு முழம் இருக்கும். கீழ்த்தட்டுல நின்னு எறிஞ்சாத்தான் கலவா மீனு கெடக்க பள்ளத்துக்குத் தூண்டில் போவும். மேல நின்னா நூலு பாறையில உரசி அறும். அதனால எறியதவன் கீழ நிப்பான், கடல் பாக்குதவன் மேல நிப்பான்.

கடல் பாக்குததுன்னா சும்மா நிக்கதுன்னு நினைக்காதீங்க. அது ஒரு வேல. பாக்குதவன் கையில ஒண்ணும் இருக்கப்பிடாது. ராடு இருக்கப்பிடாது, போனு இருக்கப்பிடாது, பீடிகூட இருக்கப்பிடாது. கண்ணு கடல்லயே இருக்கணும். பெரிய அல வாறதக் கண்டா 'ஏறு'ன்னு ஒரு சத்தம் போடணும். எறியதவன் எல்லாத்தையும் போட்டுட்டு கையத் தூக்குவான். மேல நிக்கவன் குனிஞ்சு ரெண்டு கையாலயும் புடிச்சு இழுப்பான். அர மணிக்கூறுக்கு ஒரு முற மாறிக்கிடணும். ஒம்பது வருசம் நானும் கிளாட்சனும் இப்பிடித்தான். அவன் என்ன எத்தனையோ தடவ இழுத்திருக்கான், நானும் அவன இழுத்திருக்கேன். ஒரு தடவ இழுத்த இழுப்புல அவனுக்க சட்ட ரெண்டாக் கிழிஞ்சு, தாழங்காடு முழுக்க பனியனோட சிரிச்சுக்கிட்டே வந்தான்.

கிளாட்சன் போஸ்ட்மேன். மெலிஞ்ச ஆளு, வாய் ஓயாது. எந்த வீட்டுக்கு என்ன கடுதாசி வந்துச்சுன்னு அவனுக்குத் தெரியும், ஆனா ஒண்ணும் வெளிய சொல்ல மாட்டான். மத்த எல்லாம் பேசுவான். எனக்கு அவன விட்டா வேற ஆளு கிடையாது சார். வீட்டுல பொண்டாட்டிகிட்ட ஒரு நாளைக்கு நாலு வார்த்த பேசுனா அதிகம். அவங்கிட்டதான் எல்லாம் பேசுவேன். இப்ப பேச ஆள் இல்லாமத்தான் உங்களப் புடிச்சு உக்கார வச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க.

அவனுக்க பொண்டாட்டி ரோஸ்லின். ஸ்கூல்ல கிளார்க்கு. முதல்ல அவன விடவே மாட்டா. ஒரு ஞாயித்துக்கிழம அவளே கூட வந்து மேல்தட்டுல எனக்கப் பக்கத்துல நின்னு பாத்தா. ஒரு மணிக்கூறு நின்னா. பொறவு கேட்டா, "அண்ணே, எல்லா நாளும் உங்க கை இப்பிடி சும்மாத்தான் இருக்குமா?" நான் ஆமான்னேன். "அப்பிடின்னா நான் விடுதேன். உங்க கைய நம்பித்தான் விடுதேன்"னு சொன்னா. அவ வார்த்தய அளந்துதான் பேசுவா.

கிளாட்சனுக்கு வலது தோள்ல வலி. இருவது வருசம் தபால் பை தொங்குன தோளு. அவங்கிட்ட இருந்த பழைய ரீலு நானூறு கிராமுக்கு மேல. அர மணிக்கூறு எறிஞ்சா கை தொங்கிரும். அர மணிக்கூறுக்கு ஒரு முறன்னு நாங்க வச்சதே அவனுக்க தோள உத்தேசிச்சுத்தான். போன வருசம் தை மாசத்துக்குப் பொறவு வலி கூடிப் போச்சு. டாக்டரு தூண்டில விடுன்னு சொல்லிட்டாரு. இவன் அழாத கொறையா எனக்கிட்ட வந்தான். "வேய் தாணு, கனமில்லாத ரீலு ஒண்ணு பாரும். ஆனா வருசக் கணக்குல உழைக்கணும். அடிக்கடி மாத்த நம்மால ஆவாது."

அஞ்சு வாரம் தேடுனேன் சார். நாகர்கோயில்ல தேடுனேன், கொல்லம் போனேன், தூத்துக்குடி போனேன். அவன் லீவு போட முடியாது, நானே போனேன். பெட்டியில போட்டிருக்க எடைய நம்பாதீங்க. நான் கடைக்குக் கடை தராசு கேட்டு வச்சுப் பாத்தேன். பன்னெண்டு பேரிங், பதினஞ்சு பேரிங்னு பெருசா அச்சடிச்சிருப்பான். அதுல ஒண்ணும் இல்ல. அஞ்சு போதும். உப்பு உள்ள போவாம அடச்சிருக்கான்னு பாக்கணும். நூலு திரும்புத எடத்துல ஒரு சின்ன உருளை இருக்கு பாருங்க, அது நின்னு போனா நூலு தேயும். முதல்ல கெடுதது அதுதான், கடையில ஒருத்தனும் அதத் தொட்டுப் பாக்கதில்ல. ஹேண்டில மடக்கி வைக்கத வாங்காதீங்க, திருகி மாட்டுதத வாங்குங்க. மடக்குதது ஆட்டம் குடுக்கும். ராடுல மாட்டி ஒரு விரல்ல நிறுத்திப் பாருங்க, முன்னாலயும் சாயக்கூடாது, பின்னாலயும் சாயக்கூடாது. டிராக்குன்னா மீன் இழுக்கும்போது நூல விட்டுக் குடுக்கது, அத இழுத்தா நூலு வெட்டி வெட்டி வரப்பிடாது, எண்ண ஒழுகுத மாதிரி வரணும்.

இதெல்லாம் பொறவு. எல்லாத்துக்கும் முந்தி காதுல வைக்கணும். கடையில எவ்வளவு சத்தம் இருந்தாலும் வெளிய எடுத்துட்டுப் போயி, கண்ண மூடிக்கிட்டு, மெதுவா சுத்தணும். நல்ல ரீலு பேசாது. பல்லோட பல்லு சேருத எடத்துல ஒரு சின்ன கரகரப்பு இருந்தாக்கூட அது நாளைக்கு நோயி. தூத்துக்குடியில பத்தொம்பது ரீலு காதுல வச்சேன். கடைக்காரரு எனக்குக் காதுவலின்னு நினைச்சுட்டாரு. இருவதாவது இதுதான்.

இந்தா. புடிங்க. இருநூத்தி நாப்பது கிராம். கையில இருக்கதே தெரியல்ல, இல்லியா? அலுமினியம் உடம்பு, ஆனா சுவரு மெலிசு, கடஞ்சு எடுத்திருக்கான். சுத்துங்க. காதுகிட்ட வச்சு சுத்துங்க. கேக்குதா? கேக்காது. ஒரு கீறலு இருக்கா பாருங்க. இருக்காது. கிளாட்சனுக்க ரீலு சார் இது.

காசு அவன் குடுத்தான், தேடுனது நான். எனக்குன்னு ஒண்ணு வாங்க அப்ப வழி இல்ல, வீட்டுல கூரைக்கு ஓடு மாத்தின நேரம். இத அவங்கிட்ட குடுத்த அண்ணைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல்ல. ஒளிக்காமச் சொல்லுதேன். பொறாமன்னு சொல்லப்பிடாது. ஒரு வண்டிய நாமளே பூட்டி, நாமளே எண்ண போட்டு, வேற ஒருத்தன் ஓட்டிட்டுப் போறதப் பாத்துக்கிட்டு நிக்கதுல்லா, அந்த மாதிரி. அவ்வளவுதான்.

பங்குனி கடேசியில ஒரு சனிக்கிழம. மதியம் மூணு மணிக்குப் போனோம், ரீல முதல் தடவ வெள்ளத்துல பாக்கதுக்கு. காத்தே கிடையாது. வானம் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு. குருசடிகிட்ட சூசைன்னு ஒருத்தன், மீன்புடி வள்ளக்காரன், தனக்க வள்ளத்த ஆள் வச்சு மேட்டுக்கு இழுத்துக்கிட்டு இருந்தான். "அண்ணாச்சி, இண்ணைக்குக் கள்ளக்கடல் ஏறும்னு சொல்லுதாங்க. பாறைக்குப் போவாதீங்க"ன்னான். கள்ளக்கடல்னா உங்களுக்குச் சொல்லணும். காத்து இருக்காது, மழ இருக்காது. எங்கியோ ஆயிரம் மைலுக்கு அங்க அடிச்ச காத்து, ரெண்டு நாளு கழிச்சு இங்க அலையா வந்து ஏறும். சொல்லாம வரும், அதனாலதான் அந்தப் பேரு. கிளாட்சன் தயங்குனான். "நாளைக்கு வருவமா வே?"ன்னு கேட்டான். நான்தான் சொன்னேன், "கடல் பாக்கதுக்கு நான் இருக்கேன்லா, பொறவு என்ன?" சொன்னது உண்ம. நான் அங்க இருந்தேனே.

அவன் கீழ எறங்குனான். எறிஞ்சான். சார், நூலு போன போக்க நீங்க பாத்திருக்கணும். பழைய ரீல்ல போவாத தூரம். ரெண்டாவது எறியிலயே ஒரு சீலா மீனு, கை நீளத்துக்கு. அத எடுத்துப் பையில போட்டுட்டு மறுபடி எறிஞ்சான். அர மணிக்கூறு ஆச்சு. "மாறுவமா வே?"ன்னேன். "கை வலிக்கவே இல்ல வே, இன்னும் ரெண்டு எறி"ன்னான். ஒரு மணிக்கூறு ஆச்சு. "வலிக்கவே இல்ல, கையில ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு"ன்னு சிரிக்கான். ஒண்ணேகால் மணிக்கூறு ஆச்சு. நான் அங்கயே நிக்கேன். வெயிலு கடல்ல பட்டு கண்ணக் கூசுது. அஞ்சு வாரம் அலஞ்சவன் நான். ஒரு எறி எறிஞ்சு பாக்க எனக்கு ஆச இருக்காதா? ஒரு மனுசனுக்கு அது தோண வேண்டாமா? நான் கேட்டு வாங்கப்பிடாது, அவனாத்தான் குடுக்கணும்னு பேசாம நின்னேன்.

அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுது. கர்ர்னு ஒரு சத்தம். சின்னதா, அடியில இருந்து. கேட்ட உடனே எனக்க உடம்பு கூசிட்டு. புது ரீல்ல மண்ணு போயிருக்கு. அவன் கீழ வச்சிருப்பான், ஈரமண்ணுல வச்சிருப்பான், எங்கயாவது வச்சிருப்பான். மறுபடியும் கர்ர்னு, முன்னயவிட நீளமா. என்னால பொறுக்க முடியல்ல. "சுத்தாத, நிறுத்து. மண்ணு ஏறியிருக்கு. இங்க குடு"ன்னேன். அவன், "எனக்கு ஒண்ணும் கேக்கல்லியே"ன்னான். "உனக்கு எப்பிடிக் கேக்கும், குடு"ன்னேன். ராடுல இருந்து ரீலக் கழத்தி மேல நீட்டுனான். வாங்கிட்டேன்.

பாக்குதவன் கையில ஒண்ணும் இருக்கப்பிடாதுன்னு சட்டம் இருக்கு. தெரியும். ஆனா நான் எறியதுக்கா வாங்குனேன்? கேட்டுப் பாக்கதுக்கு. ஒரு நிமிச வேல. கடல் சத்தத்துல கேக்காதேன்னு கடலுக்கு முதுகக் காட்டி நின்னேன். கண்ண மூடுனேன். கண்ண மூடாம கேட்டா பாதிதான் கேக்கும், அத எந்த மெக்கானிக்கிட்ட வேணும்னாலும் கேளுங்க. காதுல வச்சு சுத்துனேன். சத்தம் இல்ல. மறுபடியும் சுத்துனேன். இல்ல. ஆனா வேற எங்கியோ அந்த கர்ர் இருக்கு, இப்ப ரொம்ப நீளமா, நிக்காம. ரீலத் திருப்பி மத்தக் காதுல வச்சேன்.

முதுகுல வெள்ளம் அடிச்ச பொறவுதான் கண்ணத் தொறந்தேன். மேல்தட்டுலயே முழங்கால் அளவு வெள்ளம். திரும்புனேன். கிளாட்சன் விளிம்பப் புடிச்சுத் தொங்குதான். என்னப் பாத்தான். ஒண்ணும் சொல்லல்ல, வாய் ஓயாதவன் அண்ணைக்கு ஒண்ணும் சொல்லல்ல. ஒரு கைய விட்டு எனக்க பக்கமா நீட்டுனான்.

எனக்கு ரெண்டு கையும் வேணும்லா அவனத் தூக்கதுக்கு? ரீல கீழ வைக்கணும். எங்க வைக்க? வெள்ளம் ஓடிக்கிட்டு இருக்கு, போட்டா போயிரும். பின்னால ஒரு பொந்து உண்டு, நாங்க பை வைக்க எடம். அதுல வச்சுட்டுத் திரும்புனேன். ரெண்டு விநாடி சார். போனா மூணு. ரெண்டாவது அல வந்துட்டு. அது வடிஞ்சப்ப விளிம்புல கை இல்ல.

நான் 'ஏறு'ன்னு கத்துனேன். சூசை கரையில நின்னான், அவனுக்குக் கேக்கல்லியாம், நான் கத்தவே இல்லேங்கான். கத்துனேன் சார். எப்ப கத்துனேன்னு கேட்டா, அவன் போறதுக்கு முந்தியா, போன பொறவான்னு எனக்கு இப்ப வரிசையாச் சொல்ல வரல்ல. கத்துனது உண்ம. தொண்ட ரெண்டு நாளு கட்டியிருந்துச்சு.

பொறவு ஆளக் கூப்பிட ஓடுனேன். உடனே ஓடுனேன். ரீல எடுத்து, பையில தண்ணிப் பாட்டில் இருந்துச்சு, அத முழுக்க ஊத்திக் கழுவி, துண்டுல சுத்திட்டு ஓடுனேன். உப்பு வெள்ளம் பட்டா அந்தாலயே கழுவணும், இல்லேன்னா உள்ள புடிச்சுரும். உங்களுக்கும் சொல்லுதேன், இத மட்டும் மறக்காதீங்க. அதுக்கு ரெண்டு நிமிசம்கூட ஆயிருக்காது. இத நான் போலீசுகிட்டயும் மறைக்காமச் சொன்னேன். அந்த எஸ்.ஐ. எழுதிக்கிட்டு இருந்தவரு பேனாவ வச்சுட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவருக்கு ரீலப் பத்தி ஒண்ணும் தெரியாது.

அந்தக் கடல்ல வள்ளம் எறங்க முடியல்ல. மூணாம் நாளு கெடச்சான், கிழக்க ரெண்டு ஊரு தள்ளி. நான் போயிப் பாக்கல்ல. பாக்க முடியல்ல சார். ஒம்பது வருசம். அவனுக்க பைக்கு சத்தம் முக்குல திரும்பும்போதே எனக்குத் தெரியும். இப்பவும் சாயங்காலம் அந்த நேரத்துக்குக் காது தானாப் போவும் அங்க. வேற பைக்கு வரும், போவும்.

அடக்கத்துக்கு மறுநாளு இந்த ரீல ஒரு வேட்டித் துணியில பொதிஞ்சு ரோஸ்லின்கிட்ட கொண்டு போனேன். வீடு நெறய ஆளு. அவ நாற்காலியில உக்காந்திருந்தா. அழல்ல. துணியப் பிரிச்சுப் பாத்தா. இப்ப நீங்க பாத்தது மாதிரியே திருப்பித் திருப்பிப் பாத்தா. பொறவு கேட்டா, "அண்ணே, அல வாறப்ப இது உங்க எந்தக் கையில இருந்துச்சு?"

என்ன கேள்வி சார் இது? ஒரு கையில புடிச்சு மத்தக் கையாலதானே சுத்த முடியும். ரெண்டு கையும்தான்னு சொன்னேன். உள்ளதச் சொன்னேன். அவ தலைய ஆட்டுனா. ரீல மறுபடி துணியில பொதிஞ்சு எனக்க மடியில வச்சுட்டா. "நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணே"ன்னா. அவ சந்தோசமா குடுத்தான்னு நான் சொல்லல்ல. ஆனா குடுத்தால்லா? நான் கேட்டு வாங்கல்ல. அவ எதுக்கு அப்பிடிக் கேட்டான்னு எனக்கு இண்ணைக்கு வரைக்கும் புரியல்ல. அதுக்குப் பொறவு என்னக் கண்டா அவ ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறிருவா. ஊர்ல மத்தவங்களும் அப்பிடியே ஆயிட்டாங்க.

அவங்க என்ன வேணும்னாலும் சொல்லட்டும். எனக்கு ஒரே ஒரு விசயம்தான் தீரல்ல. வீட்டுக்குப் போயி ரீல முழுசாக் கழத்துனேன். பேப்பர் விரிச்சு ஒவ்வொரு பேரிங்கா எடுத்து வச்சேன். மண்ணு இல்ல. ஒரு துகளு இல்ல. கிரீஸ் புதுசு மாதிரி இருக்கு. மறுபடி பூட்டி காதுல வச்சா சத்தமும் இல்ல. ஒரு வருசமா தினம் வச்சுப் பாக்குதேன். கடைக்காரருகிட்ட எண்ண வாங்கதும் அதுக்குத்தான். அப்ப அண்ணைக்குக் கேட்டது என்ன?

சூசை ஒரு கத சொல்லுதான். பெரிய அல வாறதுக்கு முந்தி வெள்ளம் உள்ள வாங்குமாம். வாங்கும்போது பாறைக்கு அடியில கிடக்க உருளங்கல்லு எல்லாம் சேந்து உருளுமாம். கர்ர்னு கேக்குமாம். "அததான் அண்ணாச்சி கேட்டிருக்கீங்க. உங்க காது நல்ல காது, மூணு தடவ உங்களுக்குக் கேட்டிருக்கு. நாங்களா இருந்தா முதல் தடவயே ஓடியிருப்போம்"னான். எனக்கு வந்த கோவம் இருக்கே. முப்பத்தோரு வருசம் பேரிங் சத்தம் கேட்டவன் நான். கல்லு உருளுத சத்தத்துக்கும் பேரிங் சத்தத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாம். வள்ளம் தள்ளுதவன் எனக்குச் சத்தம் சொல்லித் தாறான்.

அது ரீலுக்க சத்தம்தான் சார். எனக்குத் தெரியும். சில பழுது வீட்டுல காட்டாது. டிப்போவுல எத்தன வண்டி பாத்திருக்கேன், நிறுத்தி வச்சு ஓட்டுனா நல்லா ஓடும், ரோட்டுல பாரத்தோட போனாத்தான் காட்டும். இதுவும் அப்பிடித்தான். அந்தப் பாறையில, அந்த வெள்ளத்துல, எடையோட நூலு இழுக்கும்போது காட்டும். ஒரே ஒரு தடவ அங்க வச்சு அந்தச் சத்தத்த மறுபடி கேட்டுட்டேன்னா முடிஞ்சு போச்சு. ரீல்ல பழுது இருந்துச்சு, அதனால வாங்கிப் பாத்தேன், கூட்டாளிக்க சாமானக் காப்பாத்தத்தான் பாத்தேன்னு ரோஸ்லின்கிட்ட போயிச் சொல்லலாம். அவகிட்ட சொல்லணும் சார். மத்தவங்க கெடக்கட்டும், அவ என்ன அண்ணேன்னு கூப்பிடணும்.

அதுக்குத்தான் ஒரு ஆளு வேணும். எறியதுக்கு. நானே எறிஞ்சா சத்தத்தக் கவனிக்க முடியாது.

நீங்க எழும்பாதீங்க, சொல்லி முடிச்சிருதேன். நாளைக்கு உங்களுக்கு லீவுதானே, ஞாயித்துக்கிழம. அந்தக் கறுப்பு ரீல வாங்கிப் பணத்தக் களையாதீங்க. இதையே கொண்டு எறிங்க. புடிச்சுதுன்னா நீங்களே வச்சுக்கிடுங்க, எனக்கு வேண்டாம். மூணு மணிக்கு குருசடிகிட்ட நிக்கேன். கடலு நல்லாத்தான் இருக்கு. காலம்பற பாத்துட்டுத்தான் வாறேன், காத்து ஒரு பொட்டு இல்ல. சூசைக்க ஆளுங்க வள்ளத்த மேட்டுக்கு இழுத்துக்கிட்டு இருந்தாங்க, அவங்க அப்பிடித்தான், பங்குனி வந்தா சும்மா பயப்படுவாங்க.

வருவீங்களா? தலைய ஆட்டுதீங்க, வருவீங்க. எனக்குத் தெரியும், ரீலக் கையில புடிச்ச ஆளு விடமாட்டான். பயப்பட ஒண்ணும் இல்ல சார். நீங்க கீழ நின்னு உங்க பாட்டுக்கு எறிஞ்சுக்கிட்டே இருங்க, நான் மேல நின்னு கடல் பாக்குதேன். கர்ர்னு சத்தம் கேட்டா மட்டும், எறியத நிறுத்திட்டு ரீலக் கழத்தி எனக்கிட்ட நீட்டுங்க. ஒரே ஒரு நிமிசம் கண்ண மூடிக் கேட்டுட்டுத் தந்துருதேன்.